புருஷன்மாரைக் காயப் போட்ட மலை

அந்த யோசனை எனக்குப் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், தரையில் குறுக்கே படுத்துக் கிடந்த ஒரு மனிதரைத் தாண்டுவதற்காகப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை எடுத்து வைத்தேன். மறு கால் வந்து சேர்வதற்குள் யோசனை வந்துவிட்டது.

எழுபதுகளின் நடுவில் தமிழ்நாடு முழுக்க மதுவிலக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் சொட்டுக் கிடையாது. இந்தப் பக்கம் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு கடை. சனிக்கிழமைப் பேருந்துகளில் வந்து இறங்குகிறவர்கள், கடற்கரை பார்க்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டே கடற்கரைக்கு எதிர்த் திசையில் நடப்பார்கள். படுத்துக் கிடந்தவரும் அப்படி வந்தவர்தான். தலைமாட்டில் அவர் மனைவி உட்கார்ந்து செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தாள்.

“உடம்பு சரியில்லையா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எங்கூர்ல இவரு சொக்கத் தங்கமுங்க. அங்கதான் எதுவும் கெடைக்காதே. இங்க வந்தாத்தான் இப்படிப் பித்தளை ஆயிடறாரு.”

நான் பி.ஏ. படித்தவள். தர்க்கம் என்று ஒரு பாடம் இருந்தது. அதில் நல்ல மார்க். அவர்கள் ஊர்த் தங்கம் இங்கே வந்து பித்தளையாகிறது என்றால், எங்கள் ஊர்ப் பித்தளையை அங்கே கொண்டுபோனால் என்ன ஆகும்?

இதை எழுதுகிற எனக்கு முப்பத்திரண்டு வயது. ஓய்வு பெற்றுவிட்டேன். சிரிக்க வேண்டாம். ஆளை விட்டு வேலை போய்விட்டால் அதற்கும் ஓய்வு என்றுதான் பெயர். இப்போது ஊரில் புதிதாக முளைத்திருக்கும் சுற்றுலா அலுவலகங்களில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டு, “வசந்தி அக்கா, அந்தக் காலத்துல நீங்க தனியா ஒரு பஸ்ஸை எப்படி மேய்ச்சீங்க?” என்று கேட்கிறார்கள். அவர்கள் சொல்லும் அந்தக் காலம் போய் நாலு வருஷம்கூட ஆகவில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன்.

வீடு கருவடிக்குப்பம். அப்பா ஆலைத் தொழிலாளி. ஷிஃப்ட் முடிந்து வந்து அவர் சைக்கிளை நிறுத்துகிற சத்தத்தை வைத்தே, இன்று சோறு போடலாமா, பாத்திரத்தை எடுத்து உள்ளே வைக்கலாமா என்று அம்மா முடிவு செய்துவிடுவாள். என் தொழிலுக்கு வாடிக்கையாளர் யார் என்று எனக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நான் வேலை பார்த்தது மதாம் தெரேஸ் நடத்திய பயண அலுவலகத்தில். ரயில் டிக்கெட், வேளாங்கண்ணி யாத்திரை, கப்பல் விசாரணை. பயிற்சிக் காலத்தில் நான் கற்றவை தட்டச்சு, ரயில் அட்டவணை, வாந்தி. கடைசியாகச் சொன்னதுதான் தொழிலின் உயிர். யார் எந்த வளைவில் எடுப்பார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லத் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

மதாமைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒல்லி, உயரம், வெள்ளை கவுன். எல்லோரையும் ‘நீங்க’ என்றுதான் சொல்வார்; பிரெஞ்சு வழக்கப்படி ஆண்கள் ‘முசே’, கல்யாணமாகாத பெண்கள் ‘மத்மசேல்’. வாசலில் வந்து படுக்கும் நாயைக்கூட “எழுந்திருங்க” என்றுதான் விரட்டுவார். ‘இல்லை’ என்ற சொல் அவர் வாயில் வராது. “பார்ப்போம்” என்பார், அதற்கு அர்த்தம் ‘இல்லை’ என்பதுதான். மத்தியானம் பன்னிரண்டு அடித்தால் கதவைச் சாத்திவிட்டு, டெலிபோனை ஒரு டர்க்கி டவலில் சுற்றிவைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். கடலே ஊருக்குள் வந்தாலும் மூன்று மணிக்கு மேல்தான் விசாரிப்பார்.

நான் யோசனையைச் சொன்னேன். ஏற்காட்டில் ஏரிக்கு மேலே மேட்டில் ஒரு விடுதி. வெள்ளைக்காரத் துரைமார் கட்டியது. சீசனில் ஒரு வாரம். புதுச்சேரியிலிருந்து குடும்பங்களை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது.

“பார்ப்போம்,” என்றார் மதாம்.

“மதாம், அங்க மதுவிலக்கு. ஒரு வாரம் சொட்டுக் கிடைக்காது. டிக்கெட் எடுக்கப்போறது புருஷங்க இல்ல. பொண்டாட்டிங்க.”

மதாம் தட்டச்சு இயந்திரத்தின் மேல் வைத்திருந்த கையை எடுத்தார். சுவரில் அவருடைய காலஞ்சென்ற கணவரின் படம், மீசையும் பதக்கமுமாக. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருபது வருஷத்துக்கு முன்னாடி நீங்க எங்க இருந்தீங்க, மத்மசேல்?”

“ஒண்ணாங்கிளாஸ்கூடப் போகல, மதாம்.”

“பரவால்ல. இப்ப ஆரம்பிங்க.”

ஒரே பயணத்துக்கு இரண்டு விளம்பரம் செய்தோம். ஆண்களுக்கு, அலுவலக வாசலில் பலகை: குளுகுளு மலை, படகு சவாரி, துரைமார் உறங்கிய கட்டில். பெண்களுக்கு எழுத்தில் ஒன்றும் கிடையாது, வாய்மொழிதான். அதை வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வீடு வீடாகப் போகும் அஞ்சலை அக்கா பார்த்துக்கொண்டாள். ஒருநாள் அவள் பின்னால் நடந்து போய், ஒரு வீட்டு அம்மாளிடம் அவள் பேசுவதைக் கேட்டேன்.

“வஞ்சிரம் இல்லம்மா. சங்கரா இருக்கு, கண்ணப் பாரு, முழிச்சிக்கினு இருக்குது. இன்னா, ஏற்காடு போறியா? ஒரு வாரம் உன் ஊட்டுக்காரருக்கு ஒண்ணும் கெடைக்காதாம்.”

“ஒண்ணுமேவா?”

“மோந்து பாக்கக்கூடக் கெடைக்காது.”

அந்த அம்மாள் சங்கராவை வாங்கவில்லை. டிக்கெட் வாங்கினாள்.

இனி முறைகள். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

புறப்படும் நாள் விடியற்காலையில் அலுவலகத்துக்குள் ஒரு சோதனை நடக்கும். இது இல்லாவிட்டால் வியாபாரமே இல்லை. எல்லை தாண்டிச் சாவடியில் ஒரு பாட்டில் அகப்பட்டாலும் முதலில் உள்ளே போவது பாட்டில்காரர் இல்லை, ஓட்டுநர் கலிவரதன் அண்ணன், அவரோடு வண்டியும். எங்கள் ஊர் ஆட்களுக்கோ அது ஒரு குற்றம் என்பதே மண்டையில் ஏறாது. குடையும் செருப்பும் மாதிரி பாட்டிலும் பயணச் சாமான்தான் அவர்களுக்கு. மறைத்து எடுத்து வருவதுகூடப் போலீஸுக்குப் பயந்து இல்லை, மனைவிக்குப் பயந்து.

மதாம் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு நிற்பார். “பொன்ழூர், முசே. உங்க பெட்டி ரொம்பக் களைச்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் மூச்சு விடட்டும்,” என்று பிரெஞ்சு வணக்கத்தோடு சொல்லித் திறப்பார். இருமல் மருந்துப் பாட்டிலில் ரம். கண்ணைக் குடைந்து பிராந்தி ஊற்றி மெழுகு வைத்து அடைத்த தேங்காய். மே மாதத்தில் ஒருவர் வெந்நீர்ப் பை கொண்டுவந்தார், மதாம் அதை மெதுவாக அமுக்கிப் பார்த்து, “உங்களுக்குக் குளிருதா முசே?” என்று கேட்டார். எடுத்ததையெல்லாம் மேசை மேல் அடுக்கி, கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கிற மாதிரி ஆளுக்கு ஒரு தகர டோக்கன் கொடுப்பார். திரும்பி வந்ததும் டோக்கனைக் காட்டிப் பொருளை வாங்கிக்கொள்ளலாம். ஒருவரையும் திட்டமாட்டார். சந்தேகப்பட்டதாகக்கூடக் காட்டிக்கொள்ள மாட்டார். அதனால்தான் ஒருவரும் சண்டை போடவில்லை. மரியாதையாகப் பறிக்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அடுத்தது மதகடிப்பட்டு. விழுப்புரம் சாலையில் எங்கள் எல்லை முடிகிற இடம். கடைசிக் கடையும் அங்கேதான். அந்த ஊர் நெருங்கினால் வண்டியில் இருக்கும் ஆண்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஒண்ணுக்கு வரும்.

“அண்ணே, ஒரு நிமிசம் நிறுத்துங்க! அவசரம்!”

“வண்டி நிக்காது சார்,” என்பார் கலிவரதன் அண்ணன்.

“பிரேக் இல்லியா?”

“பிரேக் இருக்கு சார். உங்க ஊட்டம்மா பின்னாடி உக்காந்திருக்காங்க.”

மேலே விடுதி. தேக்குப் படிக்கட்டு, சுவரில் காட்டெருமைத் தலை, இன்ன துரை இன்ன ஆண்டு இங்கே தங்கிக் காய்ச்சலில் கிடந்தார் என்று ஒரு பித்தளைப் பலகை. வரலாறு என்றால் பெரும்பாலும் யாராவது எங்காவது காய்ச்சலில் கிடந்ததுதான் போலிருக்கிறது. அந்தத் துரை குளித்த தொட்டியில் எங்கள் பெண்கள் புடவை அலசினார்கள். விடுதியின் பெருமை மதுக்கூடம். கண்ணாடிபோல மின்னும் மர மேடை, தலைகீழாகத் தொங்கும் கோப்பைகள், பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டில் பீட்டர் என்ற பரிசாரகர். எல்லாம் இருந்தது, மது மட்டும் இல்லை. பீட்டர் தொழிலை விடவில்லை. எலுமிச்சைச் சாற்றை அளவுக் கிண்ணத்தில் அளந்து, சோடாவை உயரத்திலிருந்து ஊற்றி, “ஸ்மாலா, லார்ஜா, சார்?” என்று கேட்டுத்தான் கொடுப்பார். முதல் நாள் எங்கள் ஆண்கள் அந்த மேடைக்கு முன்னால் துக்க வீட்டில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால் பெர்மிட் வாங்கலாம் என்று சிலர் முணுமுணுத்தது உண்டு. எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிற ‘சொல்தா’க்களிடம் அந்தப் பாஸ்போர்ட் இருந்தது. ஆனால் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை மனைவிகள் இடுப்பில் செருகிக்கொண்டு மலையேறினார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த கதை. மூன்றாவது சீசனோ நாலாவதோ. வருஷாவருஷம் எங்களோடு மலையேறுகிற லூர்து அக்கா என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தாள். அவளுடைய கணவர் முசே அந்துவான் ஒரு சொல்தா. ஊரில் அவரைப் பிடிக்காதவர்கள் கிடையாது. காலை பத்து மணி வரை. ஒரே மகள் செலின், கணக்குப் படித்தவள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்த்து, இரண்டு தடவையும் போய்விட்டார்கள்.

“மொத தடவ பையனோட மாமாவ நிக்க வெச்சு, அட்டென்ஷன் சொல்லி, லெஃப்ட் ரைட் போட வெச்சிட்டாரு. ரெண்டாவது தடவ பையனோட அம்மா தோள்ல தல வெச்சுத் தூங்கிட்டாரு. அந்தம்மா நகரவும் முடியாம எழுப்பவும் முடியாம…”

“அக்கா, அழாதீங்க.”

“அழல வசந்தி. சிரிப்பு வருது, அதான் பயமா இருக்குது. இப்ப சேலத்துலேர்ந்து ஒரு சம்பந்தம். நல்ல குடும்பம். பையன் வாத்தியாரு, குடிக்க மாட்டானாம். விசாரிச்சிட்டேன். இவுங்கள ஊட்டுக்குக் கூப்புட்டா கெட்டுச்சு. மலை மேல வெச்சுக் காமிச்சிடலாம்னு பாக்குறேன். சேலத்துக்கு அது பக்கந்தானே. அதுக்குள்ள இவரும் நாலு நாள் காஞ்சிருப்பாரு. ஒரே ஒரு காலை, இவரு தெளிவா உக்காந்தாப் போதும் எனக்கு.”

அந்த ஒரு காலைக்காகத்தான் அந்த வருஷம் நான் வேலை பார்த்தேன் என்று சொன்னால் மிகையில்லை. மற்றவர்களின் பெட்டிகளை மதாம் சும்மா தடவி விட்டார். அந்துவானின் பெட்டி முன்னால் வந்ததும் கையுறையை இறுக்கிக்கொண்டார். இருமல் மருந்து, தேங்காய், ஷேவிங் டப்பா எல்லாம் சுத்தம். அந்துவான் புன்னகையோடு நின்றார். அந்தப் புன்னகைதான் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

அடியில் ஒரு துண்டில் சுற்றி, மாதா சுரூபம் வடிவத்தில் ஒரு புட்டி இருந்தது. தீர்த்தம் நிரப்பி விற்பார்களே, தலைக் கிரீடமே மூடியாக இருக்குமே, அது.

“தீர்த்தம், மதாம். மக கல்யாண விஷயம் இல்லியா,” என்றார் அந்துவான்.

மதாம் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். புனிதத் தீர்த்தத்தை மோந்து பார்ப்பது பாவமா என்று அவர் முகத்தில் ஒரு விவாதமே நடந்தது. கடைசியில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, கிரீடத்தைத் திருகி, மூக்கைக் கிட்டே கொண்டு போனார். ஜின்.

“முசே, மாதா உங்கள மன்னிப்பாங்க,” என்றார் மிகுந்த பணிவோடு. “நான் டோக்கன் குடுக்குறேன்.”

மலை மேல் அந்துவான் முதல் நாள் யாரோடும் பேசவில்லை. அடுத்த நாள் எல்லோரோடும் சண்டை போட்டார், காட்டெருமைத் தலையோடுகூட. அதற்கப்புறம் தோட்டத்தில் மற்ற சொல்தாக்களோடு சேர்ந்து இரும்புக் குண்டு உருட்டி விளையாட ஆரம்பித்தார். எங்கள் ஊர் ஆண்களிடம் இதை ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறேன்: வாரத்தின் நடுவில் ஒருநாள் திடீரென்று தலையைத் தூக்கி, இத்தனை வருஷமாக நம்மோடு ஒரு பெண்பிள்ளை குடியிருக்கிறாளே என்பதுபோல மனைவியைப் பார்ப்பார்கள். அந்துவானும் பார்த்தார். “லூர்து, நீ கண்ணாடி போடுவியா? எப்பலேர்ந்து?” என்று கேட்டார். “செலின் பொறந்ததுலேர்ந்து,” என்றாள் அக்கா.

அந்தக் காலையும் வந்தது. சேலத்திலிருந்து முதல் பேருந்தில் மாப்பிள்ளை பெர்னார்டும் அவனுடைய அப்பா அம்மாவும் ஏறி வந்தார்கள். அப்பா ஆரோக்கியசாமி, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காட்டெருமைத் தலைக்குக் கீழே நாற்காலிகள் போட்டு உட்கார வைத்தோம். அந்துவான் சவரம் செய்து, கோட்டு மாட்டி, நேராக உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையிடம், எந்தப் பாடம் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். பதிலைக் கடைசி வரைக்கும் கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா தும்மியபோது எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். லூர்து அக்கா தூணோரம் நின்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். உருட்டுகிற வேகம் குறைந்துகொண்டே வந்தது. நான் பார்த்த அத்தனை வருஷத்தில் அவள் தோள் இறங்கி நின்றது அன்றுதான்.

இளசுகள் தோட்டத்தில் கொஞ்சம் பேசட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். எனக்கு இரண்டு வேலை: எல்லோருக்கும் எலுமிச்சை சோடா வாங்கி வருவது, அப்படியே செலினுக்குத் துணையாகத் தோட்டத்தில் நிற்பது. மதுக்கூடத்தில் பீட்டர் சாறு அளந்துகொண்டிருந்தபோது ஆரோக்கியசாமி அந்துவானின் தோளில் கை போட்டபடி உள்ளே வந்தார். என்னை யாரும் கவனிக்கவில்லை.

“சம்பந்தி, பாண்டிச்சேரியிலேர்ந்து வந்திருக்கீங்க.”

“ஆமா.”

“பாண்டிச்சேரி…”

“ஆமா, பாண்டிச்சேரிதான்.”

“வெறுங்கையோடயா வந்தீங்க?”

“சேச்சே! கேக் இருக்கு, முந்திரி இருக்கு. லூர்து எடுத்துக்கினு வருவா.”

“சம்பந்தி, நான் கார்டு. கொடி காமிச்சாப் புரிஞ்சுக்கணும். எங்க ஊர்ல நிலைமை உங்களுக்கே தெரியும். பாண்டிச்சேரிச் சம்பந்தம்னு தரகர் சொன்னதும் நான் வேற எதையும் கேக்கல. ஜாதகம் மாதிரி அதுவே போதும்னுட்டேன்.”

பீட்டரின் கை நின்றுவிட்டது. அந்துவானின் முகத்தில் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? தூரதேசத்தில் தன் ஊர்க்காரனைக் கண்ட சந்தோஷம் ஒரு நொடி வந்தது. அடுத்த நொடியே போய்விட்டது. நாலு நாளாகக் காய்ந்தவருக்கு எதிரே இன்னொரு காய்ந்தவர் நிற்பது எப்படித் தெரியும் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கும். கோட்டுப் பையில் கைவிட்டு, தகர டோக்கனை எடுத்து ஆரோக்கியசாமியின் உள்ளங்கையில் வைத்தார்.

“இது என்ன?”

“என்னோடது. ஜின்னு. மாதாகிட்ட இருக்குது. மாதா பாண்டிச்சேரியில மதாம் தெரேஸ்கிட்ட இருக்காங்க. இதக் காமிச்சா குடுப்பாங்க.”

ஆரோக்கியசாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிண்டலா நிஜமா என்று அவருக்குப் புரியவில்லை. சத்தியமாக அது நிஜம். தன்னிடமிருந்த ஒரே பொருளை அவர் கொடுத்துவிட்டார்.

நான் தட்டோடு தோட்டத்துக்கு ஓடினேன். செலினும் பெர்னார்டும் ஏரி தெரிகிற கம்பி வேலியோரம் நின்றார்கள். நல்ல பையன். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

“எனக்கு அந்தப் பழக்கமே கிடையாதுங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தான். செலின் சிரித்தாள். மாடி ஜன்னலில் லூர்து அக்காவும் சிரித்தாள்.

“அப்பாவுக்குத்தாங்க. கல்யாணம் ஆனா உங்கப்பா மாசம் ஒருதடவ உங்களப் பாக்க வருவாருல்லீங்க? வரும்போது ரெண்டே ரெண்டு கொண்டாந்தாப் போதும். அதிகமெல்லாம் வேண்டாம். இல்லேன்னா எங்க போயாவது கண்டதக் குடிச்சிட்டு வந்துடறாரு. அப்ப வீட்ல ஒரு மாதிரி ஆயிடும்.”

“அப்ப உங்கம்மா என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டாள் செலின்.

“உள்ள போய்க் கதவச் சாத்திக்குவாங்க.” அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். மழை பெய்தால் துணியை எடுத்து உள்ளே போடுவார்கள் என்பதுபோல.

செலின் சோடாவை முழுக்கக் குடித்தாள். “தேங்க்ஸ்” என்று அவனிடமும் என்னிடமும் சொன்னாள். படியேறி மேலே போனாள். நான் பின்னாலேயே போனேன்.

“இன்னாடி, புடிச்சிருக்கா?” அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

“அவரு நல்லவரும்மா. வேணாம்.”

“வேணாமா? ஏன்டி? அப்பா எவ்ளோ ஒழுங்கா உக்காந்திருந்தாரு! பாத்தல்ல?”

செலின் விஷயத்தைச் சொன்னாள். அக்கா அப்போதும் விடவில்லை. “அது மாமனாருதானேடி. புருஷன் இல்லியே.”

“அம்மா, நீ ஒரு ஆளக் காயப் போட வருஷாவருஷம் மலையேறி வர. நான் கீழ சேலத்துல வாக்கப்பட்டு, ரெண்டு பாட்டிலுக்கு அப்பாவ எதிர்பாத்துக்கினு இருக்கணுமா? அது வரலேன்னா நான் எந்த மலைக்குப் போறது?”

அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். துரை தூங்கிய கட்டில்.

சேலத்துக்காரர்கள் மரியாதையாகவே போனார்கள். மத்தியானச் சாப்பாட்டை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் பேருந்து வளைவில் மறைந்ததும் அந்துவான் மாடிக்கு வந்தார். கதவருகே நின்றார். உள்ளே வரத் தைரியமில்லை.

“லூர்து, இந்தத் தடவ நான் கெடுக்கலியே?”

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “இல்லீங்க. இந்தத் தடவ நீங்க இல்ல. உள்ள வந்து உக்காருங்க.”

அவர் திருந்தினார் என்று எழுத ஆசைதான். ஊர் திரும்பியதும் அவர் நேராக மதாமின் மேசைக்குப் போய்ப் புட்டியைக் கேட்டார். டோக்கன் இல்லாமல் தர முடியாது என்று மதாம் சொல்லிவிட்டார். “மதாம், என் மூஞ்சி தெரியாதா உங்களுக்கு?” என்று கெஞ்சினார். “நல்லாத் தெரியும் முசே. மூஞ்சிக்கு நான் டோக்கன் போடல.” அந்துவான் கோபித்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போனார். அங்கே டோக்கன் கேட்க மாட்டார்கள்.

சில வாரம் கழித்து ஆரோக்கியசாமி வந்தார். நிஜமாகவே சேலத்திலிருந்து பேருந்து ஏறி வந்து, தகரத்தை மேசை மேல் வைத்தார். மதாம் எழுந்து நின்று, பொன்ழூர் சொல்லி, மாதாவை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். அவர் முதலில் சுரூபத்தின் பாதத்தை முத்தமிட்டார். பிறகு கிரீடத்தைத் திருகிக்கொண்டே கடற்கரைப் பக்கம் போனார். எங்கள் ஊருக்கு வந்து நிஜமாகவே கடற்கரைக்குப் போன தமிழ்நாட்டுக்காரர், எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

எண்பதுகள் பிறந்தன. தமிழ்நாட்டிலும் கடைகளைத் திறந்தார்கள். அடுத்த சீசனுக்கு நாங்கள் மலையேறியபோது பீட்டரின் மேடைக்குப் பின்னால் நிஜமான பாட்டில்கள் நின்றன. “ஸ்மாலா, லார்ஜா?” என்று அவர் கேட்டபோது குரல் தழுதழுத்தது, எங்கள் ஆண்கள் கைதட்டினார்கள். பெண்கள் படிக்கட்டில் நின்றபடியே என்னைப் பார்த்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்பவர்கள் அப்படிப் பார்க்க மாட்டார்கள். அவர்கள் எதையும் கேட்கவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. அடுத்த வருஷம் பாதி வண்டிகூட நிரம்பவில்லை. அதற்கு அடுத்த வருஷம் மதாம் அலுவலகத்தையே மூடிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனார். கடைசி வரை அவர் ஒரு மலையும் ஏறியதில்லை. காது அடைக்குமாம்.

ஆக, ஓய்வு. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் தட்டச்சு வேலைக்குக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன், ஜன்னல் இல்லை, வந்துவிட்டேன்.

போன மாதம் லூர்து அக்காவும் செலினும் வீட்டுக்கு வந்தார்கள். செலின் இப்போது பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்டால், கணக்கு இன்னும் சரியாக வரவில்லை என்கிறாள்.

“வசந்தி, யோசிச்சுப் பாத்தேன்,” என்றாள் அக்கா. “இத்தினி வருஷமா ஆம்பளைங்கள இழுத்துக்கினு போய்க் காயப் போட்டோம். வெயில்ல கருவாட்டுக்குக் காவ உக்கார்ற மாதிரி ஒரு வாரமும் அவுங்களையே பாத்துக்கினு உக்காந்திருந்தோம். நான் ஏரியப் பாத்ததே இல்ல தெரியுமா? அவுங்கள ஊட்டுலயே விட்டுட்டு நாம மட்டும் போனா இன்னா?”

எனக்கு அந்த இடத்திலேயே காது சூடாகிவிட்டது. எட்டு வருஷம் தர்க்கம் படித்தவள்போல அலைந்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை? அன்றைக்கே விடுதிக்கு டிரங்க் கால் போட்டேன். மேலாளர் சத்தமாகச் சிரித்தார். ஒரு வண்டி நிறையப் பெண்கள், கூட ஆண் துணை இல்லை, இந்த விடுதியின் சரித்திரத்திலேயே அப்படி ஒரு வழக்கம் கிடையாது என்றார். சரித்திரம் என்றால் காய்ச்சலில் கிடந்த அந்தத் துரைதானே என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பெண்கள் மட்டும் வந்தால் பொறுப்பாளர் என்று யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று கேட்டார். நேரில் வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வரும் திங்கட்கிழமை விடியற்காலைப் பேருந்தில் நாங்கள் மூவரும் ஏற்காடு போகிறோம். அஞ்சலை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை; சொன்னால் சாயங்காலத்துக்குள் வண்டி நிரம்பிவிடும், வண்டியை இன்னும் பிடிக்கவில்லை. மேலாளரிடம் என்ன பேசுவது என்று செலின் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறாள். கையெழுத்து விஷயம்தான் எனக்குக் கொஞ்சம் உதைத்தது. அக்காவிடம் சொன்னேன்.

“கையெழுத்தா?” என்றாள் லூர்து அக்கா. “பத்து வருஷமா பென்ஷன் பேப்பர்ல அவரு கையெழுத்தையே நான்தான் போட்டுக்கினு இருக்கேன். என்னுத ஒருதடவ போட்டுப் பாக்குறேனே.”